பழைய ஜிப்ஸியை மீட்டெடுப்பது: பெங்களூரில் வண்டி கட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பழைய மாருதி ஜிப்ஸி, அதாவது அந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி, வாங்கியவரிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் பத்து நிமிடம் பெயிண்ட் நிறமும் டயர் சைஸும்தான் ஓடும். ஆனால் பாதியில் நின்றுபோய் ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும் வண்டிகள் பெயிண்டுக்காக நிற்பதில்லை. ஒரு ஆயில் சீல், ஒரு கிங் பின் பேரிங், ஒரு ரப்பர் மவுண்ட் கிடைக்காமல் நிற்கின்றன. அதிலும் பாதி சாமான் கடையிலேயே இருக்கும், கேட்ட விதம்தான் தப்பு. ‘ஜிப்ஸி சாமான் இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்ல சார், கம்பெனியே நிறுத்திட்டான்’ என்பார் கடைக்காரர். அதே சீலை அளவு சொல்லிக் கேட்டால் பின்னால் இருக்கும் ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அதனால் இங்கே சாமான் தேடும் பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த ஜிப்ஸி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாருதி ஜிப்ஸி 1985 இறுதியில் வந்தது. சுசுகி எஸ்ஜே410-இன் நீள வீல்பேஸ் வடிவம் அது. எம்ஜி410 என்ற அந்த முதல் வண்டியில் 970 சிசி எஃப்10ஏ கார்பரேட்டர் எஞ்சின், நாலு கியர். 1993-இல் அகலத் தடம் (இட, வலச் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) கொண்ட எம்ஜி410டபிள்யூ வந்தது. 1996-இல் ஜிப்ஸி கிங், அதாவது எம்ஜி413டபிள்யூ: 1298 சிசி ஜி13பிஏ எஞ்சின், ஐந்து கியர். 2000-இல் அதே வண்டிக்கு 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் முறை) எஞ்சின் ஜி13பிபி கிடைத்தது. 2018 முடிவோடு பொதுமக்களுக்கான புக்கிங் நின்றது.

இந்த வரிசை தெரியாமல் கடை ஏறினால் பணம் வீண். குறுகல் தடத்து ஆக்சிலும் அகலத் தடத்து ஆக்சிலும் நீளத்தில் வேறு, ஒன்றின் ஷாஃப்ட் இன்னொன்றில் உட்காராது. எட்டு வால்வு ஹெட்டுக்கும் பதினாறு வால்வு ஹெட்டுக்கும் கேஸ்கெட் வேறு. இன்னொரு பொறி: மாருதி 1000 காரிலும் 970 சிசி எஞ்சின்தான், போர் (சிலிண்டர் விட்டம்) 65.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ. என்ற அளவுகூட ஒன்றுதான். ஆனால் அது ஜி10 என்ற வேறு குடும்பம். ‘970 சிசி’ என்று மட்டும் சொன்னால் கவுண்டரில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். 800, ஆம்னி எஞ்சின் பிஸ்டனும் ஆகாது, அதன் போர் 68.5 மி.மீ.

காகிதம் சரியில்லை என்றால் வண்டியைத் தொடாதீர்கள்

தனியார் வண்டிப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் படிவம் 25 கொடுத்து, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-இல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி.

டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின், அங்கிருந்து ஜிப்ஸிகள் மலிவு விலையில் தெற்கே வரத் தொடங்கின. விலை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று), அதில் உங்கள் ஆர்டிஓ பெயர் இருக்க வேண்டும். அதில் உள்ள எண், சேஸிஸில் குத்திய எண், ஆர்சியில் உள்ள எண் மூன்றும் பொருந்த வேண்டும். கர்நாடகப் பதிவுக்கு மாற்றும்போது இங்கே வாழ்நாள் வரியும் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தமிழ்நாட்டு எண் வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ராணுவ ஏலத்தில் வந்தது என்று சொன்னால் ஏலத் தாளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் வெல்டிங் தழும்போ கிரைண்டர் கோடோ தெரிந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் மாற்றும் ஆசைக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. டீசல் எஞ்சின் தூக்கி வைத்த ஜிப்ஸிகள் ஊரில் ஓடத்தான் செய்கின்றன. எஃப்சி நாளிலும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும் நாளிலும்தான் அவற்றின் வண்டவாளம் தெரியும்.

‘விண்டேஜ்’ பதிவு வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2021 விதிப்படி அது 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு மட்டும். ஜிப்ஸிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

துருவைத் தேடும் முறை

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பூச்சு. ஓட்டுநர் கால் வைக்கும் தரை, பின்சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பகுதி, பாடி சேஸிஸோடு சேரும் மவுண்ட் இடங்கள் ஆகியவை ஜிப்ஸி முதலில் அழுகும் இடங்கள். இவை பழுதாக இருந்தாலும் தகடு வெட்டி வைத்துச் சரிசெய்யலாம், டிங்கர் கை நல்லதாக இருந்தால் போதும்.

சேஸிஸ் அப்படியல்ல. பெட்டி வடிவில் இருப்பதால் உள்ளிருந்து அழுகும், வெளியே தெரியாது. பின் ஸ்பிரிங் ஷாக்கிள் மாட்டும் இடத்தையும் பின் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி. மந்தமாகக் கேட்டாலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினாலோ விலையைக் குறைத்துப் பேசாமல் வேறு வண்டி தேடுங்கள். பெங்களூரிலேயே வாழ்ந்த வண்டியை விட, மங்களூர், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற வண்டியை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கழற்றும்போதே பாதி வேலை

வண்டியைக் கழற்றுவது ஒரே நாளில் முடியும், மெக்கானிக்குகளுக்கு அதில் உற்சாகமும் அதிகம். அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். வயரிங்கில் ஒவ்வொரு முனையிலும் துணி டேப் சுற்றி எண் போடுங்கள். பிய்ந்த ரப்பரானாலும் உடைந்த பிளாஸ்டிக்கானாலும் புதுசு கைக்கு வந்து மாட்டிப் பார்க்கும்வரை பழசைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். பழைய சாமான்தான் உங்கள் அளவுகோல்.

போல்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டின் பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) பெரும்பாலும் 1.25 மி.மீ. ஹார்ட்வேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால் சேஸிஸ் நட்டின் மரை போய்விடும். ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங், பிரேக், ஸ்டீயரிங் இடங்களுக்குத் தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் குத்திய போல்ட் மட்டும்.

சாமான் தேடுவது

பேரிங்குக்கு வண்டிப் பெயர் தேவையே இல்லை. அதன் ஓரத்தில் எண் குத்தியிருக்கும். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். துரு எண்ணை மறைத்திருந்தால் வெர்னியர் வைத்து மூன்று அளவும் எடுத்துப் போனால் பேரிங் கடையில் எண் கண்டுபிடித்துத் தருவார்கள். ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். தேய்ந்த ஷாஃப்டில் சீல் உதடு பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும். அப்போது லேத்தில் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

சுசுகி பார்ட் நம்பருக்கும் ஒரு மொழி இருக்கிறது. 09 என்று தொடங்குபவை பல மாடல்களுக்குப் பொதுவான சாமான்கள். 09283 என்றால் ஆயில் சீல், அதை அடுத்து வரும் இரண்டு இலக்கம் உள்விட்டம். இந்த ஒரு விஷயம் தெரிந்தால், ‘ஜிப்ஸி சீல்’ என்று தேடுவதை விட்டுவிட்டு வேறு மாருதி வண்டிப் பெட்டியில் அதையே எடுக்கலாம். அதனால் வேலை தொடங்கும் முன்பே உங்கள் மாடல் வருடத்துக்கான பார்ட்ஸ் கேட்டலாக்கைத் தேடிப் பிடித்துவிடுங்கள். ஸ்பேனர் செட்டை விட அதுதான் முக்கியம் என்பேன்.

எஞ்சின் சாமானுக்கு கிங் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜி13 குடும்பம் எஸ்டீமிலும் ஓடியது, 16 வால்வு வடிவம் வெர்ஸாவிலும் இருந்தது. பிஸ்டன், ரிங், பேரிங் ஷெல், வால்வு மாதிரி உள்சாமான்களை அந்தப் பெயர்களில் கேளுங்கள், எஞ்சின் கோட் மட்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் எஸ்டீமில் எஞ்சின் குறுக்கே கிடக்கும், ஜிப்ஸியில் நெடுக்கே நிற்கும். ஆகவே ஆயில் சம்ப், மவுண்டிங், இன்டேக் பக்கச் சாமான்களை எஸ்டீமிலிருந்து எடுத்தால் அவதிதான். எஃப்10ஏ வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. நல்ல பிளாக், கிராங்க் கண்ணில் பட்டால் இன்று தேவையில்லை என்றாலும் வாங்கி வையுங்கள்.

இனி எங்கே போவது? பெங்களூரில் புதுச் சாமானுக்கு ஜே.சி. ரோடு. கன்னடம், உருது, இந்தி, தமிழ் எல்லாம் ஒரே கவுண்டரில் ஓடும். ‘அண்ணா, இந்த நம்பர்ல சீல் வேணும்’ என்று பழைய சாமானையும் நீட்டினால் மொழிச் சிக்கலே வராது. வார நாளில் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் யாரும் உங்களுக்காக ஏணி ஏறி மேல் ரேக்கைத் துழாவ மாட்டார்கள். மாருதி உதிரிபாகக் கவுண்டர்களிலும் பார்ட் நம்பர் கொடுத்துக் கேட்க வேண்டும். இங்கே இல்லாவிட்டாலும் வேறு ஊர்க் கிடங்கில் இருந்தால் வரவழைப்பார்கள்.

பழைய சாமானுக்கு சிவாஜிநகர் குஜிரி. கதவு, பானெட், ஹவுசிங், கியர்பாக்ஸ், சீட் ஃபிரேம் மாதிரி பெரிய உருப்படிகளுக்கு அங்கேதான் அலைய வேண்டும். எஞ்சினோ, எண் குத்திய எதுவுமோ வாங்கினால் பில் கட்டாயம். பில் தரத் தயங்கும் கடையில் விலை பாதியாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள், நாளை போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களை ஜோடியாக மட்டுமே வாங்குங்கள். இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, தனித்தனியாகச் சேர்த்தால் ஊளையிடும்.

இங்கே கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் படமும் அளவும் அனுப்பி, சாமானை ஆம்னி பஸ் பார்சலில் போடச் சொல்லலாம். காலையில் கலாசிபாளையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பார்சல் போடும் முன் ஸ்கேல் வைத்துப் படம் கேளுங்கள். ‘அதே சாமான்தான் சார்’ என்ற வாக்குறுதி எனக்குத் தெரிந்து பாதி நேரம்தான் பலிக்கும்.

இன்னொரு கோணமும் உண்டு. ஒரு வண்டி எங்கே இன்னும் கூலிக்கு உழைக்கிறதோ, அங்கே அதன் சாமான் சாவதில்லை. ரந்தம்போர், கார்பெட் காடுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது ஜிப்ஸிதான். அதனால் ராஜஸ்தான், உத்தராகண்ட் பக்கத்துக் கடைகளில் லீஃப் ஸ்பிரிங், ஹப், ஸ்டீயரிங் சாமான்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மகிந்திரா டீசல் ஜீப் கட்டுகிறவர்கள் இதே காரணத்துக்காகத் தேனி, கம்பம், போடி பக்கம் போகலாம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளால் அங்கே சாமான் புழங்குகிறது. வெளிநாட்டில் தேடுவதானால் ஜிப்ஸி என்று தேட வேண்டாம். எஸ்ஜே410, எஸ்ஜே413, சாமுராய், ஆஸ்திரேலியாவில் சியரா என்ற பெயர்களில் தேடுங்கள். ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகள் என்பதால் ஸ்டீயரிங் சார்ந்த சாமானுக்கு அவை பொருத்தம். சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எங்குமே கிடைக்காத ரப்பர் புஷ், மவுண்ட், பீடிங் இருந்தால் பீன்யா பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களில் மாதிரி கொடுத்துச் செய்யலாம். ஒன்றுக்கு டை போடக் கட்டுப்படியாகாது. நாலைந்து ஜிப்ஸிக்காரர்கள் சேர்ந்தால் தலைக்கு வரும் செலவு தாங்கும். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்லிக் கேளுங்கள், ‘நல்ல ரப்பர்’ என்றால் அவர்களுக்குக் கையில் இருப்பதுதான் நல்ல ரப்பர்.

அடியிலிருந்து மேலே

சேஸிஸை மட்டும் மணல் வீச்சுக்கு அனுப்புங்கள். பாடித் தகட்டை அனுப்பினால் சூட்டில் நெளிந்துவிடும், அதற்குப் பெயிண்ட் ரிமூவரும் கைவேலையும்தான். மணல் வீசிய இரும்பு காற்றுப் பட்டாலே துருப் பிடிக்கத் தொடங்கும், அதனால் அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர், மேலே எபாக்ஸி, பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகுப் பூச்சு. பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்ஷைத் தின்றுவிடும், வேண்டாம்.

லீஃப் பட்டைகள் படுத்திருந்தால் லாரிப் பட்டைக் கடையில் குளிர்நிலையில் தட்டி வளைவு கொடுக்கச் சொல்லலாம். நெருப்பில் காய்ச்சி வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள், பதம் போனால் சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் எப்போதும் புதிதாகப் போடுங்கள்.

முன் ஆக்சிலில்தான் ஜிப்ஸியின் நோய்கள் பெரும்பாலும் தங்கியிருக்கும். சக்கரத்தின் உட்புற உருண்டையில் ஆயிலும் கிரீஸும் கலந்து வழிந்தால் உள் சீல் போய்விட்டது என்று பொருள். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் வெறித்தனமாக உதறினால் கிங் பின் பேரிங், ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு), டைராடு முனை, வீல் பேலன்ஸ் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் டாம்பர் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பும் மெக்கானிக் நோயை மறைக்கிறார். கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் கூட்டிக் குறைத்து, ஸ்பிரிங் தராசால் இழுத்து அளந்து பொருத்துபவரைக் கண்டுபிடித்துவிட்டால் விட்டுவிடாதீர்கள்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் அனைத்தும் புதிது. இரும்புக் குழாயை இரட்டை ஃபிளேர் போட்டு இணைக்க வேண்டும். நடுவில் பித்தளை ஜாயின்ட் போட்டு ஒட்டுப்போடும் வேலையை அனுமதிக்காதீர்கள்.

கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஜிப்ஸியில் தனித்தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்தால் வண்டி முழுக்க அதிரும். அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. ஜிஎல்-5-இல் உள்ள சேர்மானங்கள் சின்க்ரோ வளையத்தின் பித்தளைக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் ஒரே டின்னைத் திறப்பதுதான் நம் பட்டறை வழக்கம், பக்கத்தில் நின்று பாருங்கள்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள். எட்டு வால்வு 1.3-இல் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ நல்ல அளவு, 12 கடைசி எல்லை, சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 1-ஐத் தாண்டக் கூடாது. எண் நன்றாக இருந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள், கசிவை மட்டும் நிறுத்துங்கள். ரீபோர் அவசியமென்றால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். கடைந்துவிட்டு பிஸ்டன் தேடி ஊர் சுற்றுபவர்கள் நிறையப் பேர்.

கார்பரேட்டர் வண்டிக்கு எத்தனால் தனித் தலைவலி. 2023 பிப்ரவரியில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் விற்பனையை நாட்டுக்குத் தொடங்கி வைத்ததே பெங்களூரில்தான். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்பரேட்டர் கிட் ரப்பர் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பும், வெடிக்கும், எஞ்சின் சூட்டில் கசியும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வையுங்கள், பாதி டேங்க் ஈரத்தை இழுக்கும்.

வயரிங், பெயிண்ட், எஃப்சி

வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். சேஸிஸுக்கும் பாடிக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி எர்த் பட்டை, முகப்பு விளக்குக்கு ரிலே. இவ்வளவு போதும், அதிக விளக்குகள் வைத்து எஃப்சியில் மாட்ட வேண்டாம். பெயிண்ட் கடைசியில். ஆர்சியில் எழுதிய நிறத்தையே அடித்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

ஓட்டத் தொடங்கி 500 கி.மீ. ஆனதும் யூ போல்ட், வீல் நட், ஷாக்கிள் போல்ட் அனைத்தையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். எஞ்சின் பிரித்துக் கட்டியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் அப்போதே மாற்றுங்கள். ஃபோர் வீலை நைஸ் ரோட்டிலோ வேறு தார் ரோட்டிலோ போட்டுச் சோதிக்க வேண்டாம். ஜிப்ஸிக்கு நடு டிஃபரன்ஷியல் இல்லை, திருப்பத்தில் முன்பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கும். கனகபுரா, ராமநகரா பக்கம் தெரிந்தவர் தோட்டத்து மண் பாதை போதும். ஹப் இரண்டையும் பூட்டி, 4எல்-இல் (குறைந்த வேக ஃபோர் வீல் கியர்) மெதுவாக ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அட்டையில் சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தால் எந்த சீலை மறுபடி திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதை முடித்துவிட்டு எஃப்சிக்கு நாள் குறியுங்கள்.